கெடா விருந்து முடிஞ்சதும் வயிறு 'கடமுடா'வா? கோடையில் உப்புசம் வராமல் தப்பிக்க வழி இதோ!

தேவதானப்பட்டி:

சித்திரை பிறந்துவிட்டாலே தேனி மாவட்டத்தில் கறி விருந்துக்கு பஞ்சமே இருக்காது. முல்லைப்பெரியாற்றின் கரையில் வீரபாண்டி கவுமாரியம்மன் கோவில் திருவிழா ஒரு பக்கம். குலதெய்வ கோவில்களில் கெடா வெட்டு மறுபக்கம். காதுகுத்து, மொட்டை, வசந்த விழா என்று பத்திரிகைகள் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கும். திருப்பூர், கோவை, சென்னை என்று பிழைக்கப் போன சொந்தபந்தங்கள் எல்லாம் பஸ் ஏறி ஊருக்கு வந்து சேரும்.

தேவதானப்பட்டி, பெரியகுளம் பகுதி மாந்தோப்புகளில் விறகு அடுப்பு மூட்டி அண்டாவை ஏற்றினால், மட்டன் குழம்பு வாசம் மஞ்சளாற்றின் அக்கரைக்கும் போகும். இப்போது இளவட்டங்கள் ஒருபடி மேலே போய், கரி அடுப்பில் கம்பி வலை போட்டு கோழிக்கறி சுடும் 'பார்பிக்யூ'வையும் தோப்புக்குள் கொண்டு வந்துவிட்டார்கள்.

மதியம் பந்தி முடியும் வரை எல்லாம் ஜோராக இருக்கும். சாயங்காலம் தான் கச்சேரி ஆரம்பம். 'வயிறு கல்லு மாதிரி இருக்குப்பா', 'ஏப்பமே வரமாட்டேங்குது', 'நெஞ்சு எரியுது' என்று ஆளுக்கொரு மூலையில் சுருண்டு கிடப்பார்கள். பெட்டிக்கடையில் சோடா பாட்டில் தீர்ந்து போகும்.

இது வெறும் சாப்பாட்டு ராமன் பிரச்சினை என்று சிரித்துவிட்டு போகவும் முடியாது. அதே வயிற்று வலி சில நேரம் விஷமான உணவின் அறிகுறியாக இருக்கும். சில நேரம் மாரடைப்பாகவே இருக்கும். எது எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது உயிரைக் காப்பாற்றும்.

வயிறு ஏன் உப்புகிறது?

குடலில் வாயு இருப்பது நோய் அல்ல. நல்ல ஆரோக்கியமான மனிதருக்கே ஒரு நாளைக்கு 10 முதல் 20 முறை வரை வாயு பிரிவது சகஜம். அந்த வாயு இரண்டு வழியில் சேருகிறது. ஒன்று, நாம் சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் விழுங்கும் காற்று. இன்னொன்று, சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய உணவை பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நொதிக்க வைப்பதால் உண்டாகும் வாயு.

விருந்து நாளில் இந்த இரண்டுமே கூடிவிடுகிறது. அடுத்த பந்திக்கு ஆள் பின்னாலேயே வந்து நிற்கிறார் என்று அவசர அவசரமாக அள்ளிப் போடுகிறோம். பேசிக்கொண்டே சாப்பிடுகிறோம். சரியாக மெல்லாமல் விழுங்குகிறோம். சோற்றோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது.

அடுத்தது கொழுப்பு. சாதாரண சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவே சுமார் 4 மணி நேரம் ஆகும். கொழுப்பு அதிகமான கறி, எண்ணெய் மிதக்கும் குழம்பு, வறுவல் என்று போனால் இன்னும் தாமதமாகும். கொழுப்பு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் சிறுகுடலில் சுரக்கும் ஹார்மோன், 'கொஞ்சம் மெதுவா அனுப்பு' என்று இரைப்பைக்கு கட்டளை போட்டுவிடுகிறது. மதியம் 3 மணிக்கு சாப்பிட்ட கறி, ராத்திரி டிபன் நேரத்திலும் வயிற்றில் கனமாகவே உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

குற்றவாளி கறி மட்டும் இல்லை!

'மட்டன் ஒத்துக்கல' என்று பழியை ஆட்டின் மேல் போடுவது வழக்கம். ஆனால் கறியில் இருப்பது புரதமும் கொழுப்பும்தான். அது வயிற்றை கனக்க வைக்குமே தவிர, பெரிதாக வாயுவை உண்டாக்காது. வாயுவுக்கு முக்கிய காரணம் கூட இருக்கும் மற்ற ஐட்டங்கள்.

கெடா குழம்புக்கு கிலோ கணக்கில் உரித்துப் போடுகிறோமே சின்ன வெங்காயம், பூண்டு. இவற்றில் உள்ள ஒருவகை மாவுப்பொருளை மனிதக் குடலால் செரிக்கவே முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்கு போய் பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது. மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலைக்கும் இதே கதைதான்.

விருந்து முடிந்ததும் வரும் பால் பாயசம், ஐஸ்கிரீம், ஜிகர்தண்டாவும் லேசுப்பட்டவை அல்ல. உலகில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு பால் சர்க்கரையை முழுமையாக செரிக்கும் திறன் குறைவு. வட இந்தியாவை விட தென் இந்தியாவில் இப்படிப்பட்டவர்கள் அதிகம். டீக்கு ஊற்றும் பால் ஒன்றும் செய்யாது. ஒரு பெரிய டம்ளர் பாலையோ ஐஸ்கிரீமையோ உள்ளே தள்ளினால் வயிறு பொருமும், வயிற்றோட்டம் கூட ஆகும்.

அதற்கு மேல் 'சீசன் ஆச்சே' என்று பெரியகுளம் மாம்பழம் இரண்டை வெட்டி வைப்பார்கள். மாம்பழத்தில் உள்ள பழச்சர்க்கரையும் சிலருக்கு சரியாக உறிஞ்சப்படாமல் வாயுவாக மாறும். மாம்பழம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கறி விருந்தின் தலைமேல் ஏற்றாமல், மறுநாள் காலையில் தனியாக சாப்பிட்டால் பிரச்சினை இல்லை.

சோடா குடித்தால் சரியாகிவிடுமா?

இது பெரிய நம்பிக்கை. சோடா குடித்ததும் பெரிதாக ஒரு ஏப்பம் வரும். 'அப்பாடா, செரிச்சிருச்சு' என்று நிம்மதி ஆவார்கள். உண்மையில் வெளியே வந்தது சோடாவின் வாயுதான்!

300 மில்லி சோடா அல்லது கலர் பாட்டிலில் சுமார் 1 லிட்டர் அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வாயு அமுக்கி அடைக்கப்பட்டிருக்கும். மூடியைத் திறக்கும்போது ஒரு பகுதி போய்விடும். மீதி வயிற்றுக்குள் போய் விரியும். ஏற்கனவே இடமில்லாத வயிற்றில் இன்னும் காற்றடிப்பது போலத்தான் இது. ஏப்பம் வந்தால் கொஞ்ச நேரம் லேசாக இருப்பது போல் தோன்றும். வராதவர்களுக்கு அவஸ்தை இரட்டிப்பாகும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அமிலமும் சேர்ந்து மேலே ஏறும். பீருக்கும் இதே கணக்குதான்.

தண்ணீரில் போட்டதும் பொங்கும் செரிமான உப்புத் தூளில் சோடா உப்பு இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, சிறுநீரக கோளாறு, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைக் குடிக்கக்கூடாது.

பந்திக்கு போகும் முன்

'மத்தியானம் கறிச்சோறு' என்று காலையிலிருந்தே பட்டினி கிடப்பது பலரின் பழக்கம். கோவிலில் சாமி கும்பிட்டு, கெடா வெட்டி, சமையல் முடிந்து இலை போட 3 மணி ஆகிவிடும். அகோரப் பசியில் உட்கார்ந்தால் கை நிற்காது. வயிறு நிறைந்தது என்று மூளைக்கு தகவல் போகவே சுமார் 20 நிமிடம் ஆகும். அதற்குள் இரண்டு ஆள் சாப்பாடு உள்ளே போயிருக்கும்.

எனவே காலையில் 3 இட்லியோ, ஒரு சொம்பு கம்பங்கூழோ குடித்துவிட்டு போவதே நல்லது. வெயிலில் நடமாடுபவர்கள் காலையில் இருந்தே அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் இருந்தால் வாயு வெளியேற வழியில்லாமல் உப்புசம் கூடும்.

சமைப்பவர்களும் ஒரு உபகாரம் செய்யலாம். மொச்சை, பயறு வகைகளை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, அந்த தண்ணீரை கீழே கொட்டிவிட்டு புதுத் தண்ணீரில் வேக வைத்தால், வாயு உண்டாக்கும் சத்து கணிசமாக குறையும். குழம்பின் மேல் மிதக்கும் கொழுப்பை கரண்டியால் எடுத்துவிட்டால் வயிறு வாழ்த்தும்.

இலையில் உட்கார்ந்த பின்

குடல் குழம்பு, ரத்தப் பொரியல், தலைக்கறி, ஈரல், எலும்பு குழம்பு என்று எல்லாமே ஆசையைத் தூண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் இரண்டாவது ரவுண்டு கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நன்றாக மென்று சாப்பிட வேண்டும். கறித்துண்டை வாயில் வைத்துக்கொண்டே தண்ணீரை மடக் மடக் என்று குடிக்கக்கூடாது. கடைசியில் ரசம் சோறும், மோர் சோறும் சாப்பிடும் நம் ஊர் வழக்கம் நல்ல வழக்கம். மோரில் பால் சர்க்கரையின் ஒரு பகுதியை பாக்டீரியாக்களே தின்றுவிடுவதால் பாலை விட சுலபமாக செரிக்கும். இஞ்சி, சீரகம், பெருங்காயம் சேர்த்த மோர் பாட்டி காலத்து கைவைத்தியம். இதில் இஞ்சி குமட்டலைக் குறைப்பதும், இரைப்பை காலியாவதை ஓரளவு வேகப்படுத்துவதும் ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது.

சாப்பிட்ட பிறகு என்ன செய்யணும்?

கறி விருந்து முடிந்ததும் மாமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவது தான் பலருக்கும் சொர்க்கம். ஆனால் நிறைந்த வயிற்றோடு மல்லாக்கப் படுத்தால் இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறி நெஞ்செரிச்சல் வரும். குறைந்தது 2 முதல் 3 மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும். படுத்தே ஆக வேண்டும் என்றால் தலையை உயர்த்தி, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம்.

அதைவிட நல்லது, தோப்புக்குள்ளேயே நிழலில் 10 முதல் 15 நிமிடம் மெதுவாக நடப்பது. நடக்கும்போது குடல் அசைந்து வாயு வெளியேறும். பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கொள்வதில் தப்பே இல்லை.

காட்ரோட்டில் மூக்குப் பிடிக்க சாப்பிட்டுவிட்டு அப்படியே கொடைக்கானலுக்கு வண்டி ஏறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொண்டை ஊசி வளைவில் நிறைந்த வயிறு தாங்காது. மலை ஏறும் முன் பாதி வயிறு சாப்பாடே போதும்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. ரோட்டோரத்தில் சுடச்சுட மீன் வறுத்துக் கொடுத்தால் நாக்கு ஊறத்தான் செய்யும். ஆனால் சட்டியில் உள்ள எண்ணெய் கருப்பாக, கொழகொழப்பாக, புகைந்துகொண்டு இருந்தால் நடையைக் கட்டுங்கள். திரும்பத் திரும்ப சூடாக்கிய எண்ணெயில் கெட்ட பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் சட்டம்.

உப்புசமா, விஷமா?

இங்கேதான் விளையாட்டு முடிகிறது. உப்புசம் சில மணி நேரத்தில் தானாக வடியும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் சேர்ந்து வந்தால் அது கெட்டுப்போன உணவின் வேலை.

சமைத்த உணவு 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இருக்கும்போது கிருமிகள் மளமளவென்று பெருகும். பொதுவாக 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கெடு. தேனி மாவட்டத்து சித்திரை வெயிலில் நிழலிலேயே 32 டிகிரியைத் தாண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெரிய அண்டாவில் கறிக்குழம்பு மெதுவாக ஆறும்போது ஒரு வகை கிருமி அதில் பெருகி, 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் பேதியும் உண்டாக்கும். கையில் காயம், சீழ் உள்ளவர்கள் பரிமாறினால் இன்னொரு கிருமி உணவில் நஞ்சைக் கலந்துவிடும். அதை சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் இருந்தே வாந்தி ஆரம்பிக்கலாம். வெளியே கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சும் இதே ரகம். இந்த நஞ்சுகள் திரும்பக் கொதிக்க வைத்தாலும் சாகாது. 'சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது' என்பது தவறு.

மறுநாள் சுண்டக்கறி சாப்பிடும் ஆசையை விட வேண்டாம். அதற்கு ஒரு முறை உண்டு. பந்தி முடிந்த உடனேயே கறியை சின்னச் சின்ன அகலமான பாத்திரங்களில் மாற்றி, சீக்கிரம் ஆற வைத்து பிரிட்ஜில் வைக்க வேண்டும். சாப்பிடும்போது ஓரம் மட்டும் சுடாமல் நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். தூக்குவாளியில் அடைத்து, திருப்பூருக்கு 5 மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோகும் கறி சாப்பிடத் தகுதியானது அல்ல.

சுட்ட கோழி: உள்ளே வெந்ததா?

கரி அடுப்பில் சுடும் கோழியில் ஏமாற்றமே இதுதான். வெளியே கருகி மணக்கும், எலும்பை ஒட்டி உள்ளே ரத்தம் கசியும். கோழிக்கறி உள்ளே 74 டிகிரி சூட்டை எட்டினால்தான் கிருமி சாகும். வெட்டிப் பார்த்தால் சிவப்பு இருக்கக்கூடாது. மசாலா தடவிய பச்சைக் கறி இருந்த தட்டிலேயே வெந்த கறியை வைக்கக்கூடாது. கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். கெடா வெட்டில் சிறுவர்களுக்கு தணலில் சுட்டுக் கொடுக்கும் ஈரல், சுவரொட்டிக்கும் இதே விதிதான்.

அரைவேக்காட்டு ஆபத்துக்கு உதாரணங்கள் தூரத்தில் இல்லை. 2022 மே மாதம் கேரளாவில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பலர் பாதிக்கப்பட்டு, 16 வயது மாணவி உயிரிழந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி உயிரிழந்தார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை விதித்ததும் இப்படிப்பட்ட கிருமி பயத்தால்தான்.

இன்னொரு சோகமும் நினைவில் இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில் தங்கிய வாலிபர்கள் இருவர், பார்பிக்யூ அடுப்பின் நெருப்பை அணைக்காமல் அறையில் வைத்துவிட்டு தூங்கி, மூச்சுத்திணறி உயிரிழந்தனர். எரியும் கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசமே கிடையாது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டு போகவே கூடாது.

'கேஸ்' என்று அலட்சியம் வேண்டாம்

விருந்து நாளில் மிகப்பெரிய ஆபத்து இந்த ஒரு வார்த்தை தான். நெஞ்சில் பாரம் வைத்தது போல் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்கு பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல், தலைசுற்றல். இவற்றில் எது இருந்தாலும் 'கறி சாப்பிட்டது கேஸ் பிடிச்சிருக்கு' என்று சோடா குடித்து நேரத்தைக் கடத்தக்கூடாது. மாரடைப்பும் மேல் வயிற்று வலி போலவே வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் கூட வரலாம். உடனே 108 ஆம்புலன்சுக்கு போன் செய்து ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷம். நஷ்டம் ஒன்றுமில்லை.

ரத்த வாந்தி, தார் போல கருப்பு மலம், மலமும் வாயுவும் போகாமல் வயிறு பானை போல் வீங்குவது, வலது பக்க மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி, விடாத காய்ச்சல், ஒருநாளுக்கு மேல் நிற்காத வாந்தி ஆகியவையும் அவசர அறிகுறிகள். பெரியகுளத்தில் அரசு மாவட்ட தலைமை மருத்துவமனையும், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

வாந்தி, பேதி ஆனால் முதல் மருந்து தண்ணீர்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால், காய்ச்சி ஆற வைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக கொடுக்கலாம். உப்பு அளவு கூடக்கூடாது. குழந்தைக்கு வாய் உலர்ந்து, கண் உள்ளே போய், சிறுநீர் குறைந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மெடிக்கலில் சொந்தமாக வலி மாத்திரை வாங்கி விழுங்குவது இரைப்பைப் புண்ணை இன்னும் கிளறிவிடும்.

விருந்தில்லாத வாரத்திலும் அடிக்கடி வயிறு உப்பினால், உடல் எடை குறைந்தால், பசி செத்துப் போனால் அதற்கு கெடா காரணம் இல்லை. டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும்.

மற்றபடி கெடா விருந்துக்கு தாராளமாக போங்க. காலையில் கொஞ்சம் சாப்பிட்டு, மத்தியானம் அளவாக மென்று, சோடாவுக்கு பதில் மோர் குடித்து, படுக்காமல் நாலு எட்டு நடந்துவிட்டு வந்தால், சித்திரை முழுக்க எத்தனை பத்திரிகை வந்தாலும் ஒரு கை பார்க்கலாம்!